மேடவாக்கம் வழியாகச் செவ்வாய்

தாம்பரத்திலிருந்து செவ்வாய்க்குப் போக மேடவாக்கத்தில் வண்டி மாற வேண்டும். ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து சீட் கிடைத்தால் ஒரு மணி நேரம். பின்னால் நாலு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நேரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. எட்டு நாள் அந்தப் பாதையில் போய் வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ. கழிவுநீர்க் குழாய்க்குள் சின்னக் கேமரா வண்டியை விட்டு எங்கே அடைப்பு, எங்கே விரிசல் என்று பார்க்கும் கம்பெனியில் வேலை. வண்டியை ஓட்டுவது நான். பதினெட்டு வருஷமாகக் குழாய் வாயில் உட்கார்ந்து, உள்ளே இருப்பதைத் திரையில் பார்த்தே பிழைத்தவள். தாம்பரத்தில் ஒரு சோதனைக்கு நடுவர் வேண்டும், இந்த மாதிரி வண்டியும் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும் என்று கேட்டு வந்தபோது மேலதிகாரி என்னைக் கை காட்டிவிட்டார். வெளிநாட்டுப் பயணம் என்றதும் நான் ஆசைப்பட்டது ஐரோப்பா. கிடைத்தது கோவிலம்பாக்கம்.

சோதனை இதுதான். செவ்வாயில் ஒரு காலத்தில் உயிர் இருந்ததா என்று தேடப்போகும் வண்டிகளை எப்படிச் செய்வது, எப்படி ஓட்டுவது என்று பழக, ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு இரண்டு நாடுகளில் இரண்டு அணிகளுக்கு ஒரே பரீட்சை வைத்தது. ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்தில் வண்டியை இறக்கிவிடுவார்கள். அங்கே எங்கோ, ஆதிகால உயிரின் தடயம் பதிந்த ஒரு கல்லை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். அணி அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது. தொலைவில் ஓர் அறையில் உட்கார்ந்து நாளுக்கு ஒரே ஓர் ஆணை எழுதி அனுப்பலாம். வண்டி அதன்படி தானாக ஓடிப் படம் எடுக்கும். ஐந்து நாள், ஐந்து ஆணை. ஜெயிக்கிற வண்டி தென்னமெரிக்கப் பாலைவனத்துக்குப் பெரிய சோதனைக்குப் போகும்.

தாம்பரம் அணிக்குச் செவ்வாய், கோவிலம்பாக்கத்துக்குப் பின்னால் கைவிட்டுப்போன ஒரு கல்குவாரி. பூமி, தாம்பரத்தில் ஓர் இன்ஜினியரிங் காலேஜின் பழைய ஒர்க்‌ஷாப் அறை. இரண்டுக்கும் நடுவே சிக்னல் கிடையாது. ஆணை ஒரு பென் டிரைவில், படம் ஒரு பென் டிரைவில், இரண்டும் ஒட்டிய கவரில், கவர் என் கைப்பையில். வாயைத் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் உத்தியோகம். தடயக் கல் எது, எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். அரியலூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வெளிர் நிறக் கல். கடல் அங்கே இருந்த காலத்துச் சங்கு ஒன்று அதில் பதிந்திருந்தது.

அணித் தலைவி கலைவாணி. அதே காலேஜில் பாடம் எடுப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறையைத் திறந்து காட்டினாள். ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், ஓடினால் பேசும் ஒரு ஃபேன். அந்த வருஷங்களில் நிஜச் செவ்வாயில் இரண்டு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று மாதம் என்று அனுப்பியவை வருஷக்கணக்கில் ஓடின. அவை அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் பல் தேய்ப்பேன் என்றாள்.

"ஜெயிச்சா டெசர்ட். தோத்தா அடுத்த மண்டே பன்னெண்டு மணிக்குள்ள ரூமக் காலி பண்ணணும்க்கா. வேற டிபார்ட்மெண்டுக்கு வேணுமாம். வண்டிய வெச்சிக்க எடம் கிடையாது, பிரிச்சிடுங்கன்னு சொல்லிட்டாங்க. நாலு வருஷ வேலை," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு கண்வரை வரவில்லை.

வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் நண்டு. ஆறு சக்கரம், ஒரு நீண்ட கழுத்து, கழுத்து நுனியில் எங்கள் கம்பெனி கொடுத்த கேமரா, பக்கத்தில் ஒரு ஊதா விளக்கு. சில பழைய பாறைகளில் உயிர் விட்டுப்போன எச்சம் இருந்தால் அந்த விளக்கில் மினுங்கும். சில வெறும் கனிமங்களும் மினுங்கும். ஆகவே மினுக்கம் என்பது சாட்சி இல்லை, சந்தேகம் மட்டும். பகலில் மினுக்கம் தெரிய இருட்டு வேண்டும் என்று கழுத்தைச் சுற்றிக் குடைத்துணியில் ஒரு கறுப்புப் பாவாடை. மார்க்கெட்டில் தைக்கக் கொடுத்தபோது, எந்தக் குழந்தைக்கு இந்த அளவு என்று டெய்லர் கேட்டாராம்.

திங்கட்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பசியாறினேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். சர்வர் "டிபனா?" என்று திருத்தினார். இட்லியோடு வடகறி வந்தது. பார்க்க ஒன்றும் இல்லை, உடைந்த வடையைக் குழம்பில் போட்டதுபோல இருந்தது. ஒரு வாய் வைத்ததும் ஈப்போவின் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றின் மேல் எனக்கு இருந்த நாற்பது வருஷ விசுவாசம் ஆட்டம் கண்டது. இரண்டாவது தட்டும் சொன்னேன்.

குவாரி அழகாக இருந்தது. எங்கள் ஊரில் ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரியாகி நிற்கும், இங்கே கல் எடுத்த பள்ளம் பச்சைத் தண்ணீரோடு நின்றது. கரையில் கரும்பாறை, சரளை, மேலே ஒரு திட்டு. அந்தத் திட்டின் மூலையில்தான் அரியலூர்க் கல்.

நண்டின் உடம்பைப் பற்றவைத்துச் செய்தவர் தனசேகர். கோவிலம்பாக்கத்தில் கிரில் கேட் பட்டறை வைத்திருப்பவர். வண்டி கவிழ்ந்தால் நிமிர்த்தி வைக்க மட்டும் அவருக்கு அனுமதி. அவருக்கு நானே விதித்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 'சக்கரங்களை ஸ்பிரிட்டால் துடைத்தபின் எவரும் எதனாலும் தொடக் கூடாது.' இருவரும் சேர்ந்து துடைத்தோம். துடைத்து முடித்ததும் தனசேகர் பையிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்தார்.

"இன்னாக்கா, புது வண்டி. பொட்டு வெக்காம எப்டி வுடறது? என் கையெல்லாம் கிரீஸா கீது. நீங்களே வெச்சிடுங்க. நல்ல கையி."

ஈப்போவில் வருஷாவருஷம் ஆயுதபூஜைக்கு எங்கள் குழாய் வண்டிகளுக்கு நான்தான் மஞ்சள் வைப்பேன். கை தன்பாட்டில் போனது. குழைத்த மஞ்சளை மூன்று விரலால் எடுத்து ஆறு சக்கரத்துக்கும் இழுத்துவிட்டு, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினோம். வாசித்த விதி இன்னும் என் கையில்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது தொடுவது என்றே எனக்குத் தோன்றவில்லை. பொட்டு வைப்பதை உலகத்தில் யாராவது தொடுவது என்பார்களா?

நண்டு கிளம்பியது. ஒரு தப்படி போகும், நிற்கும், யோசிக்கும், அடுத்த தப்படி. பக்கத்து மனையில் கட்டட வேலை செய்த இரண்டு பேர் சுவர்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தெலுங்குக்காரர்கள் உண்டு, அதனால் எனக்கு அரைகுறையாகப் புரியும். "கண்ணிவெடி தேடுகிறார்கள்," என்றான் ஒருவன். "வெடி தேடுகிறவள் இவ்வளவு பக்கத்திலா நிற்பாள்? தண்ணீர் தேடுகிறார்கள்," என்றான் மற்றவன். இருவரும் தப்பு, ஆனாலும் அவன் என்னை வைத்து யோசித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் படங்களை அறையில் கொடுத்தேன். அங்கே நடந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். தரையில் கோலமாவால் குவாரியை வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் கல்லின் நிழல் நீளத்தை அளந்து, கலைவாணி அதன் உயரத்தைச் சொல்லச் சொல்ல, பிரதீப் மாவைத் தூவினான். பிரதீப் அணியில் புரோகிராம் எழுதுபவன், எப்போதும் அவசரத்தில் இருப்பவன். ஒரு மணி நேரத்தில் நான் அன்று நின்றிருந்த இடமே தரையில் வந்துவிட்டது. நான் உட்கார்ந்து டீ குடித்த பாறையும் இருந்தது. அதைச் சுட்டிக்காட்ட நாக்கு துடித்தது. நடுவர் பேசக் கூடாது, ஆகவே பஜ்ஜியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை செம்பாக்கத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, பார்த்து, ஏறி, மறுபடி இறங்கினார். "பேஜாரு புடிச்ச வண்டி," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தார். என் பக்கத்தில் கூடையோடு ஒரு மீன்கார அம்மா. கோவளத்துப் பக்கத்துக்காரர். கவரை நான் நெஞ்சோடு பிடித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கேட்டுவிட்டார்.

"இன்னாமா கவரு? கோர்ட்டு பேப்பரா?"

"இல்லைங்க, செவ்வாய் விஷயம்," என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"தோசமா? பொண்ணுக்கா? திருவிடந்தைல போயி மாலை போட்டுக்கினு வா. எங்கக்கா பொண்ணுக்கு மூணே மாசத்துல கண்ணாலம்," என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அடுத்த ஆட்டோவில் ஏறும்போது எனக்கு அவரே இடம் பிடித்துக் கொடுத்தார். கவரில் மீன் வாசனை ஏறிவிட்டது.

அன்று நண்டின் முன் சக்கரம் ஒரு பாறை இடுக்கில் மாட்டி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் கல்லைத் தேய்த்தது. ஆணையில் அடுத்து இருந்தபடி கழுத்தைத் தூக்கி நாலாபக்கமும் படம் எடுத்தது. காலையில் ஆட்டோ நின்ற தாமதத்தால் சாயங்காலம் அறைக்கும் இரண்டு மணி நேரம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தேன். மன்னிப்புக் கேட்டதற்குக் கலைவாணி, "செவ்வாய்லயும் புழுதிப் புயல் வரும்க்கா. செம்பாக்கம்னு நெனச்சிக்கறோம்," என்றாள். தூரப் படம் ஒன்றில், மேல் திட்டின் மூலையில் வெளிர் நிறமாக ஒரு புள்ளி. அவள் அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டாள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அந்த ஃபேனையும் மீறிக் கேட்டிருக்கும்.

புதன்கிழமை ஆணை, பின்னால் வந்து, தேய்ந்த அந்தக் கல்லைப் பார் என்பது. மேல்தோல் உரிந்த பாறையில் உள்ளே இருப்பது தெரியும் என்பது கணக்கு. நண்டு பாவாடையைக் கல்மேல் இறக்கி விளக்கைப் போட்டது.

சாயங்காலம் அந்தப் படத்தைத் திரையில் திறந்தார்கள். கறுப்புக் கல்லின் நடுவே பச்சை கலந்த மஞ்சளாக ஒரு கீற்று எரிந்தது. பிரதீப் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். கலைவாணி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ வடை வாங்க ஓடினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கீற்றில் மூன்று கோடு இருந்தது. என் மூன்று விரல்.

ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். முட்டாள்தனம் என்னுடையது, அணிக்குத் தண்டனை வேண்டாம், வேண்டுமானால் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டேன். காலையில் பதில் வந்திருந்தது. சொல்ல வேண்டாம். நிஜ வண்டிகளும் பூமியின் அழுக்கைச் சுமந்துகொண்டுதான் போகின்றன, எது தன் அழுக்கு என்று கண்டுபிடிப்பதும் பரீட்சையில் சேர்த்திதான். இது அணிக்குக் கூடுதல் கஷ்டம் என்பதைக் குறித்துக்கொள்கிறோம், கெடுவை நீட்ட முடியாது. அவ்வளவுதான் பதில். படித்து முடித்தபோது முன்னால் வைத்திருந்த காபி ஆறிப்போயிருந்தது.

வியாழக்கிழமை காலை ஆணையை வாங்கப் போனால் அறையில் சண்டை.

"மேம், மேல் திட்டுக்கு ரெண்டு நாள் வேணும். இன்னைக்குக் கிளம்பினாத்தான் நாளைக்கு அந்த வெளிர் கல்லுக்குப் போய்ச் சேர முடியும். கைல நேத்து மினுங்கின க்ளோ ஒண்ணு இருக்கு. அதையும் க்ளெய்ம் பண்ணிட்டு இதையும் பாக்கலாம்," என்றான் பிரதீப்.

"அந்த க்ளோ எனக்குப் பிடிக்கல," என்றாள் கலைவாணி.

அவள் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை. விடிகாலையில் எழுந்து வீட்டையே வாரிக்கொண்டு வந்திருந்தாள். தேங்காய் எண்ணெய், சலவைத்தூள், விபூதி, அரிசிமாவு, கிரீஸ், வெள்ளைச் சட்டை. மிச்சமிருந்த கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே நண்டில் இருப்பதுபோன்ற இன்னோர் ஊதா விளக்கை ஏற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணெய் சும்மா இருந்தது. சலவைத்தூள் நீலமாக எரிந்தது. பொருளை எடுத்துக் கொடுக்கும் வேலை பிரதீப்புக்கு. உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். "இல்ல. இல்ல. ப்ளூ. இல்ல."

கடைசியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. தண்ணீரில் குழைத்துக் கல்லில் தடவிக் கொடுத்தான்.

தலைமுடி கலைய வெளியே வந்தாள். "பிரதீப், நம்ம ஊர்ல ஒரு வண்டிய மஞ்சள் வெக்காம யாராவது அனுப்புவாங்களா?"

என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சந்தேகம்தான மேம்? ப்ரூஃப் இல்லையே. இன்னைக்கு இதுக்கு செலவு பண்ணா திட்டு போச்சு, டெசர்ட் போச்சு, ரூம் போச்சு," என்றான் பிரதீப்.

"தெரியும். ஆனா உயிர் இருந்துச்சின்னு நான் எழுதிக் குடுத்துட்டு, அது சாம்பார்ல போடறதுன்னு அப்புறம் தெரிஞ்சா, நாலு வருஷம் நாம என்ன பண்ணோம்?" என்றாள். உட்கார்ந்து ஆணையை எழுதினாள். கழுத்தைத் திருப்பு. உன் முன் சக்கரத்தைப் பார். விளக்கைப் போடு.

அந்த ஆணையைப் பென் டிரைவில் ஏற்றி, கவரில் ஒட்டி என் கையில் கொடுத்தாள். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்வரை எனக்குப் பார்வை கலங்கியே இருந்தது. வெளிர் கல்தான் சரியான கல் என்று தெரிந்துகொண்டு, அங்கே போகாதே என்கிற ஆணையை நானே மடியில் வைத்துக் கொண்டுபோகிறேன். என் கையை நானே வெட்டிப் போட வேண்டும்போல ஆத்திரமாக இருந்தது.

குவாரியில் நண்டு கழுத்தைக் குனிந்து தன் சக்கரத்தை நோக்கித் திருப்பியது. தனசேகர் எழுந்து வந்தார்.

"இன்னாக்கா இது, தன் காலயே பாத்துகினு கீது?"

மஞ்சள் அந்த விளக்கில் எப்படி எரியும் என்று சொன்னேன். அவரிடம் சொல்லத் தடையில்லை. வண்டியைப் பார்த்தார், தாம்பரம் இருக்கும் திசையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து வேஸ்ட் துணியை உருவினார்.

"ஒரு தொடை தொடச்சிட்டா போச்சி. யாருக்குத் தெரியப் போவுது? அவங்க கெலிச்சாங்கன்னு ஆயிடும். அந்தப் பொண்ணு நாலு வருசமா என் பட்டறைக்கு வந்துகினு கீதுக்கா. வெய்யில்ல நின்னுகினு, அண்ணா இங்க ஒரு டாக் வெல்டு, அங்க ஒரு டாக் வெல்டுனு." துணி சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஒரு நொடி, துடைக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அதை மறைக்கப்போவதில்லை. குழு ஏமாறாது, ஆனால் துடைத்தால் அவளுக்கு இன்னும் ஒரு நாளாவது அந்தச் சந்தோஷம் மிஞ்சும். என் விரலைக் காட்டி உயிர் என்று எழுதியும் கொடுப்பாள். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேணாம் அண்ணா. அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்," என்றேன். தனசேகர் துணியைத் தூர எறிந்துவிட்டு, தண்ணீர்க் கரையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நண்டு படம் எடுத்தது.

திரையில் சக்கரம் தீபம்போல எரிந்தது. பிரதீப் மேஜையில் தலை கவிழ்ந்தான். கலைவாணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது, எங்கள் வேலையில் அடைப்பு இருக்கும் இடம் பிடிபட்டதும் வருகிற அந்த நிம்மதி. "நாம நெனச்சது சரி," என்றாள். அவள் சொன்ன தொனியில் ஜெயித்தவளின் நிமிர்வு இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி ஆணையில் நண்டு திட்டின் அடிவாரம்வரை போனது. மேலே ஏற நாள் இல்லை. அன்று அவர்கள் எழுதிய அறிக்கை நாலே வரி. உயிரின் தடயம் எதையும் நாங்கள் உறுதி செய்யவில்லை. கிடைத்த மினுக்கம் எங்களிடமிருந்து போனது. மேல் திட்டில் வெளிர் நிறக் கல் ஒன்று உள்ளது. அதைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை போன் வந்தது. அடுத்த நாட்டு அணி அவர்கள் பக்கத்துக் கல்லைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. நேர்மையாக ஜெயித்தவர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அறிக்கையைக் குழு மிகவும் பாராட்டியதாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பாராட்டை வைத்துக்கொண்டு பாலைவனம் போக முடியாது.

பரீட்சை முடிந்ததால் குவாரியைப் பார்க்கத் தடை இல்லை. எல்லோருமாக வேனில் போனோம். கலைவாணி வழி கேட்கவில்லை. சரளையில் இறங்கி, இங்கே குழி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே தாண்டி, நான் டீ குடித்த பாறையை இடப்பக்கம் விட்டு, நேராக நடந்தாள். வாழ்க்கையில் முதல்முறை கால் வைக்கிற இடம். பிறந்து வளர்ந்தவள் மாதிரி நடந்தாள். நான் பின்னாலேயே போய், மஞ்சள் வைத்த கை என்னுடையது, உங்கள் நாலு வருஷத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று சொல்லி அழுதுவிட்டேன்.

"தெரியும்க்கா. மூணு விரல் பதிஞ்சிருந்துச்சி. தனசேகர் அண்ணன் விரல் அவ்வளவு மெலிசு இல்ல," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குவாரில நாங்க கண்டுபிடிச்ச ஒரே உயிர் நீங்கதான்," என்றாள். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பும் வந்தது.

திட்டில் ஏறினோம். வெளிர் கல் பத்தடி தூரத்தில் சாய்ந்த வாக்கில் கிடந்தது. சங்கு இருக்கும் பக்கம் தண்ணீரை நோக்கி இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. பிரதீப் ஓடிப்போய்த் தூக்கக் குனிந்தான்.

"கை வெக்காத," என்றாள் கலைவாணி. "நண்டு வரட்டும்."

"மேம், முடிஞ்சு போச்சு மேம்."

"ரூம் திங்கக்கிழமை பன்னெண்டு வரைக்கும் நம்மளோடது. ரெண்டு நாள் இருக்கு. அக்கா, நீங்க இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன். ஒருவர் பின் ஒருவராகத் திட்டிலிருந்து இறங்கினார்கள். பத்தடி நடந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகத் தாம்பரம் போய், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த ஆணையை எழுத உட்கார்ந்தார்கள். கோடி கோடியாகச் செலவழித்துச் செவ்வாயைப் படம் பிடிக்கும் இடங்களையெல்லாம் நான் பார்த்ததில்லை. இந்த மாதிரி மனுஷர்களை ஈப்போவிலும் பார்த்ததில்லை, கோலாலம்பூரிலும் பார்த்ததில்லை.

சனி மதியமே புது ஆணையோடு நான் குவாரிக்குத் திரும்பினேன். சக்கரங்களை ஸ்பிரிட் போட்டு நானே துடைத்தேன், தனசேகர் பக்கத்தில் நின்று ஒரு பொட்டு மிச்சமில்லாமல் பார்த்துக்கொண்டார். ஞாயிறு முழுக்க நண்டு சரிவில் ஏறியது. ஒரு தடவை வழுக்கிப் பாதி தூரம் கீழே வந்தது. தனசேகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், தொடவில்லை. சுவர்மேல் இருந்த தெலுங்கு நண்பர்கள் நண்டுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், என் ராஜா," என்றான் கண்ணிவெடி என்று சொன்னவன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நண்டு கல்லைச் சுற்றி வந்து பாவாடையை இறக்கியது. எட்டேகாலுக்கு நான் ஆட்டோவில் இருந்தேன். ஆபீஸ் நேரம். சேலையூர் கேம்ப் ரோடு வருவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கத்தில் ஸ்கூல் வேன். பத்து நிமிஷம் பொறுத்தேன். இறங்கி ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சேலையூரிலிருந்து ஓடினேன். வழியில் ஒருவர், "இன்னா அக்கா, யாரு தொரத்தறாங்கோ?" என்று கேட்டார். ஓடிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினேன்.

அறையில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டியில் ஏறியிருந்தது. ஒரு கம்ப்யூட்டரை மட்டும் கழற்றாமல் வைத்திருந்தார்கள். தரையில் கோலமாவுக் குவாரி அப்படியே இருந்தது, அதை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. பிரதீப் பென் டிரைவைச் செருகினான். யாரும் கேட்காமலே அவன் முதலில் சக்கரங்களின் படத்தைத் திறந்தான். ஆறும் இருட்டு. அதன்பிறகு கல்லின் படத்தைத் திறந்தான்.

கல்லில் ஒரு சுருள், மெல்லிய வெளிச்சத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது. கடலே இல்லாமல் போன பிறகும் அது சுருண்டபடி கிடந்தது. கலைவாணி திரைக்கு மிக அருகில் போனாள். விரலை நீட்டி, தொடாமல், வளையத்தின் மேலே ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இருந்திருக்குக்கா," என்றாள்.

அவள் கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவே இல்லை. பிரதீப் பதிவேட்டை நீட்டினான். தேதியைப் போட்டு, அந்த ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மணி பத்தரை. பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதால், நான் எழுந்து ஒரு பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள்.